ஏழு கெல்வினில் ஓர் ஈயக்குண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைத் தட்டி, வெட்டி, ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிக்குள் வைத்து இறுக்கி மூடிய மடையன் நான்தான். மூடின கையோடு கன்ரீனுக்குப் போய், என் கெட்டித்தனத்தை மெச்சி, எனக்கு நானே இரண்டு வடையும் ஒரு பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். பரிசளிப்பு விழா சிறப்பாக நடந்தது. பிறகு உரியவர் நேராகக் கேட்டபோது "இல்லை" என்று பொய்யும் சொன்னேன். மடைத்தனத்தை மன்னிக்கலாம் என்கிறா என் மனைவி. அவவுக்கு அதில் நீண்ட அனுபவம். பொய்யைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பெயர்தான் நீளம். உடைந்ததை ஒட்டுவது, ஒழுகுவதை அடைப்பது, இல்லாததற்குப் பதிலாக ஏதாவது கண்டுபிடிப்பது, இவ்வளவுதான் வேலை. மூன்றாவதில் நான் புலி. நாங்கள் படிக்கிற காலத்தில் சண்டை, பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்துக்குள் ஒரு சாமானும் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், செத்த பற்றரியை வெய்யிலில் காயவைத்து உயிர்ப்பித்தோம், மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டினோம். அதனால் எங்கள் வயதுக்காரருக்கு ஒரு வருத்தம், தீராத நோய், பிடித்துவிட்டது. சரியான சாமான் கடையில் கிடைத்தாலும், அதை வாங்குவதற்கு முன் வீட்டுக் கோடியில் ஒருதரம் தேடிப் பார்ப்போம். வாங்கினால் தோற்றுப்போன மாதிரி ஒரு எண்ணம்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மிஸ் இருக்கிறா. தற்காலிக விரிவுரையாளர். ஆறு வருசமாகக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறா. மூன்று தரம் நீடிப்பு வாங்கியாயிற்று. இந்த முறை கடிதத்தில் "இறுதி" என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு கட்டுரையாவது வெளிவராவிட்டால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவ. என்னை "அண்ணை" என்பா, நான் அவவை "மிஸ்" என்பேன்.

மிஸ் தேடுவது மீக்கடத்தி. சாதாரணக் கம்பியில் மின்சாரம் போவது, சந்தை நாளில் சாவகச்சேரி பஸ்ஸுக்குள் ஆள் போகிற மாதிரி. இடிபட்டு, நெரிபட்டு, வியர்த்துப் பாதிச் சக்தி அதிலேயே போய்விடும். மீக்கடத்தியில் இடியும் இல்லை, நெரியும் இல்லை. வெறும் பஸ். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் அதையும் உள்ளே விடாமல் வெளியே தள்ளும். ஒரேயொரு வில்லங்கம், இதெல்லாம் கடுங்குளிரில்தான் நடக்கும். குளிரின் அடிமட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே போக இடமில்லை. அங்கேயிருந்து எண்ணத் தொடங்குவதுதான் கெல்வின். மிஸ்ஸின் சாமானை அந்த அடிமட்டத்திலிருந்து பத்துக்குள் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். எங்களுக்குத் தெரிந்த குளிர் மார்கழிப் பனி. அதற்கே நான் தலையில் துவாய் கட்டுகிறவன்.

அந்தச் சாமான் ஒரு சேதன உலோகச் சேர்வை. அதாவது, காபன் வளையங்கள் மூன்றுக்கு நடுவில் பிஸ்மத் என்ற உலோகம் ஒன்று குந்திக்கொண்டிருக்கும். பார்க்கச் சீனி மாதிரி வெள்ளை. அதற்குள் பொற்றாசியத்தைக் கொஞ்சமாகச் சேர்த்து, காற்றுப் படாமல் நாட்கணக்காகச் சூடாக்கினால் கரிபோலக் கறுத்துவிடும். இதை மாசூட்டுதல் என்பார்கள். நான் ஒருநாள் "கலப்படம்" என்று சொல்லப்போய் மிஸ் அரை நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கறுப்புப் பொடியில் காற்றோ ஈரமோ பட்டால் சரி, ஆறு மாத வேலை சாம்பல். ஆகவே எல்லாவற்றையும் ஆர்கன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதில் பொருத்திய இறப்பர்க் கையுறைக்குள்ளால் கையை விட்டுத்தான் செய்யவேண்டும். ஆர்கனை சாவகச்சேரியில் ஒரு வெல்டிங் கடையிலிருந்து கொண்டுவருவேன். இடது கையுறையில் ஒரு ஓட்டை இருந்தது. சைக்கிள் ரியூப் ஒட்டி அடைத்தது யார் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. இந்தியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு கிழமைக்கு இடம் கிடைத்தது. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போவதாக மிஸ் ஒழுங்கு செய்தா. பொடியைப் பத்திரமாகக் கொண்டுபோகவும், அப்படியே கருவிக்குள் வைக்கவும், நான் செப்பில் இரண்டு சின்னக் குப்பிகள் கடைந்து கொடுத்தேன். பென்சில் துண்டளவுதான், ஆனால் திருகுமூடி உண்டு. ஒன்றில் பொடி. மற்றது வெறுமை. வெறுங்குப்பி எதற்கென்றால், அதைத் தனியே அளந்து, பொடிக் குப்பியின் கணக்கிலிருந்து கழித்தால் மிச்சம் பொடியுடையது மட்டும். நல்ல யோசனை. மிஸ்ஸின் யோசனை, அதனால் நல்ல யோசனை.

மூடிக்குள்ளால் காற்றுப் புகாமல் இருக்க, ரெஃப்லோன் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த வோஷர் வேண்டும். கொழும்பிலிருந்து இரண்டு வந்தது. ஒன்றை நான் "இன்னும் ஒரு சுற்று இறுக்குவோம்" என்று இறுக்கிக் கிழித்தேன். மற்றதை வெறுங்குப்பியில் போட்டு, ஒழுகுதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை. அது போய் நன்றாகப் படிந்துவிட்டது. கழற்றினால் அதுவும் கிழியும். விடிந்தால் கப்பல். பொடிக் குப்பிக்கு வோஷர் இல்லை.

சரியான மனிதன் என்றால் மிஸ்ஸிடம் போய்ச் சொல்லியிருப்பான். நான் பருத்தித்துறைப் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவியின் தம்பி, கடற்றொழில். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு ஈயக்குண்டு தா."

"என்னத்துக்கு அத்தான்? லாப்புக்குள்ள மீன் பிடிக்கிறியளோ?"

"ஓம். பெரிய மீன் ஒண்டு."

"பார்த்து அத்தான், உங்கடை கைக்கு மீன் தப்பும், வலை மாட்டும்."

அவன் சொன்னதை நான் பகிடி என்றுதான் எடுத்தேன்.

ஈயம் மெத்தென்றிருக்கும். எவ்வளவு குளிரிலும் இறுகிப் பிளக்காது. சுத்தியலால் தட்டித் தகடாக்கி, வட்டமாக வெட்டினேன். வாசிக்கிறவர்கள் சிரிக்கவேண்டாம், யோசனை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. குளிர்க் கருவிகளில் இப்படி மெத்தென்ற உலோகத்தால் அடைக்கிற வழக்கம் இருக்கிறது. கடுங்குளிரில் சோதிக்கத் திரவ நைதரசன் வேண்டும். எங்கள் பக்கம் அது மாட்டுக்குச் சினைப்படுத்துகிற கால்நடை வைத்தியரிடம் இருக்கும், காளையின் விந்தணுவைப் பாதுகாக்க. நான் ஒரு பிளாஸ்கோடு போய் நின்றேன்.

"தரலாம்," என்றார் வைத்தியர். "ஆனால் உங்கடை குப்பியையும் எங்கடை குப்பியையும் மாறிக்கொண்டு போயிடாதேங்கோ. இந்தியாவில மாட்டுக்கண்டு பிறந்தால் நான் பொறுப்பில்லை."

பொடிக் குப்பியை வெறுமையாக ஈயத்தால் மூடித் திரவ நைதரசனுக்குள் போட்டேன், எடுத்தேன், தண்ணீருக்குள் அமுக்கினேன். ஒரு குமிழி வரவில்லை. ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது மிஸ் ஏற்றுமதிக் கடிதத்துக்குக் கையொப்பம் வாங்க ஓடித்திரிந்தா. பொடி கண்ணாடிப் பெட்டிக்குள் தயாராக இருந்தது. நான் நிரப்பி, ஈயத்தை வைத்து, மூடினேன்.

"வோஷர் போட்டாச்சே அண்ணை?" வாசலில் நின்றபடி மிஸ் கேட்டா.

"போட்டாச்சு மிஸ். சிங்கம் மாதிரி இருக்கு."

எந்த வோஷர் என்று அவ கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அவ திரும்பி வந்த பிறகு, சாவகாசமாக, ஒரு கதை மாதிரிச் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் வடையும் பிளேன்ரீயும்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் வாட்ஸ்அப்பில் மிஸ் எடுத்தா. நான் மானிப்பாயில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலில் குரலே வரவில்லை. அழுகிறா என்று நினைத்துப் பயந்துபோனேன். அழுகை இல்லை, சிரிப்பு.

"அண்ணை! ஏழு! ஏழு கெல்வினில விழுகுது! அப்பிடியே செங்குத்தாய் விழுகுது! காந்தத்தை உள்ளை விடுகுதில்லை!"

"உண்மையாவோ மிஸ்?"

"மூண்டு தரம் அளந்தாச்சு. வெறுங்குப்பியில ஒண்டும் இல்லை. எல்லாம் எங்கடை பொடிதான்." பக்கத்தில் யாரோ கைதட்டுவதும் கேட்டது. "இஞ்சை பேராசிரியர் ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார். ஈயமும் ஏழிலதானாம் மீக்கடத்தியாகும். எங்கடை சாமானில எங்கையாவது ஈயம் இருக்கே அண்ணை? ஒட்டின இடம், கிட்டின இடம்?"

எனக்குள் ஏதோ ஒன்று அடிமட்டத்துக்குப் போயிற்று. எத்தனை கெல்வின் என்று நான் அளக்கவில்லை. ஈயம் மீக்கடத்தி என்பது அந்த நிமிசம்வரை எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த அந்த நிமிசத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தச் செங்குத்தான விழுகை, அந்தச் சிரிப்பு, எல்லாம் மச்சானின் வலையிலிருந்து வந்தவை. பின்னால் கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.

"ஈயமோ? எங்கடை லாப்பிலயோ? சும்மா விடுங்கோ மிஸ். இல்லை."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

இதில் இன்னொரு கொடுமையையும் சொல்லவேண்டும். இரண்டு குப்பிக்கும் ஈயத்தையே போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். கழிக்கும்போது ஈயம் ஈயத்தோடு போயிருக்கும். இரண்டுக்கும் ரெஃப்லோனைப் போட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். ஒன்றுக்கு அது, ஒன்றுக்கு இது என்று போட்டு, உலகத்தில் வேறு யாராலும் பிடிக்கமுடியாத ஒரு பிழையை நான் உண்டாக்கியிருந்தேன். இவ்வளவு திருத்தமாக நான் ஒரு சரியான வேலையைக்கூடச் செய்ததில்லை.

மிஸ் வந்து சேர்ந்தா. குப்பிகள் இரண்டும் மூடினபடியே அலுமாரிக்குள் போயின. திறந்தால் பொடி கெட்டுவிடும் என்று அங்கேயும் திறக்கவிடவில்லையாம். அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அலுமாரிக்கு முன்னால் நின்றேன். மூடியைக் கழற்றி, அந்த வட்டத்தை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டால் முடிந்தது. யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியவராது. நான் ஏன் அதைச் செய்யவில்லை என்றால், நல்லவன் என்பதால் இல்லை. திருகைக் கழற்றுகிற சின்னச் சாவியைப் பௌதிகப் பகுதிக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்க வெளிக்கிட்டுப் பாதி வழி போனபோதுதான், என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே விளங்கியது. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். சோற்றுப் பார்சலை அவிழ்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோப்பாயில் மிஸ்ஸின் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மகளின் ஆராய்ச்சி சரிவந்தால் பிள்ளையாருக்குப் பொங்குவதாக அம்மா நேர்த்தி வைத்திருந்தாவாம். பொங்கிப் படைத்து, அந்தக் கையோடு எனக்கும் இலை போட்டார்கள். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பிரட்டல், பருப்பு, அப்பளம், வடை.

"தம்பி, நீங்கள் இல்லாட்டி இது நடந்திருக்காதாம். பிள்ளை சொன்னவ," என்று அம்மா இன்னொரு அகப்பை சோறு வைத்தா.

"ஓம் அம்மா," என்றேன். அதைவிட உண்மையான ஒரு வார்த்தையை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. "நான் இல்லாட்டி நடந்தே இருக்காது."

"பாருங்கோ, எவ்வளவு அடக்கம் இல்லாமல் வெளிப்படையாய்ச் சொல்லுறார்," என்று அம்மா சிரித்தா.

கை கழுவிக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. கட்டுரை முடிந்துவிட்டது, பின்னேரம் அனுப்பப் போவதாக மிஸ் சொன்னா. சொல்லிவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினா.

"முதல் பக்கத்தைப் பாருங்கோ."

தலைப்புக்குக் கீழே முதலில் அவவின் பெயர். அதற்குப் பக்கத்தில் என் பெயர். முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. இத்தனை வருசத்தில் என் பெயரை அந்த ஆய்வுகூடத்தில் எழுதியது உடைந்த கண்ணாடிச் சாமான்களின் பதிவுப் புத்தகத்தில் மட்டும்தான்.

"மிஸ், உந்தக் கட்டுரையை அனுப்பாதேங்கோ."

"ஏன் அண்ணை? பேர் பிழையே?"

"பேர் சரி. ஆள்தான் பிழை."

அவ சிரித்தா. நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் இருந்ததை அவ முன்னே பின்னே கண்டிருக்கமாட்டா. அவவின் சிரிப்பு மெல்ல நின்றது.

சொன்னேன். கிழிந்த வோஷர், மச்சான் வீடு, சுத்தியல், மாட்டு வைத்தியர், எல்லாம். இடையிடையே பகிடி ஒன்றிரண்டு தானாக வந்தது. விழுங்கினேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. அவவின் ஆறு வருசத்தை அழிக்க அது போதுமாயிருந்தது.

மிஸ் கணினியைப் பார்த்தபடி இருந்தா. அம்மா இரண்டு கிண்ணத்தில் பாயாசம் கொண்டுவந்தா.

"என்ன, இரண்டு பேரும் செத்தவீட்டில இருக்கிற மாதிரி?"

"ஒண்டுமில்லை அம்மா," என்றா மிஸ். "கணக்கு ஒண்டு பிழைச்சுப்போச்சு. திருத்துறம்."

யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அம்மா என் கிண்ணத்தில் கசுக்கொட்டை கூடுதலாக இருப்பதைக் காட்டிவிட்டு உள்ளே போனா. மிஸ் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் கேட்டனான் எல்லோ அண்ணை."

"ஓம் மிஸ்."

"போனில. நேராய்க் கேட்டனான்."

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

இதற்கு நான் நாட்கணக்காகப் பல மறுமொழிகள் தயாரித்து வைத்திருந்தேன். லைன் விளங்கவில்லை, பஸ் இரைச்சல், வயது. எல்லாவற்றையும் விட்டேன்.

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்," என்றேன். "ஆறு வருசத்தில நீங்கள் அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. நிப்பாட்ட மனம் வரேல்லை."

மிஸ் எழும்பிக் கிணற்றடிக்குப் போனா. தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவுகிறா என்று நினைத்தேன். கனநேரம் கழுவினா. நான் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிக்கிட்டுப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் செருப்பு கிணற்றடிப் பக்கம் இருந்தது.

மிஸ் திரும்பி வந்து கதிரையில் இருந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கட்டுரையை மூடினா. மூடும்போது "சேமிக்கவா" என்று கணினி கேட்டது. அவ வேண்டாம் என்று அமத்தினா. பிறகு அளந்த தரவைத் திறந்தா. அந்தச் செங்குத்தான விழுகை, ஏழில், எங்கள் ஊர்ப் பனை மரத்திலிருந்து விழுந்த மாதிரி நேராக. அதை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே, யாரும் கவனிக்காமல் கிடந்த தட்டையான பகுதியைப் பெருப்பித்தா. இன்னும் பெருப்பித்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டா.

"என்ன மிஸ்?"

விரலை வைத்துக் காட்டினா. மூன்று கெல்வினுக்கும் நான்குக்கும் இடையில் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. சின்ன வளைவு. மேசையில் கிடக்கிற துணியில் ஒரு மடிப்பு மாதிரி. ஈயத்தின் பெரிய விழுகைக்குப் பக்கத்தில் அதை யார் பார்ப்பார்கள்? அங்கே கைதட்டின நேரத்தில் அவவும் பார்க்கவில்லை.

"ஈயம் இந்த இடத்தில ஒண்டும் செய்யாது," என்று தனக்குத்தானே சொல்வது மாதிரிச் சொன்னா. "ஈயம் ஏழிலயே தன்ரை வேலையை முடிச்சிட்டுது. இது வேறை ஏதோ."

அந்த வளைவு உண்மையாகவும் இருக்கலாம், கருவியின் குறையாகவும் இருக்கலாம். திரும்பச் செய்து, திரும்பக் கொண்டுபோய், திரும்ப அளக்கவேண்டும். அந்தக் கோடு போட்ட கடிதத்தில் அதற்கு நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியும். அவ கொப்பி ஒன்றை எடுத்து, புதுப் பக்கம் விரித்து, பேனையின் மூடியைக் கழற்றினா.

என் வாய் சும்மா இருக்குமா? நல்லகாலம் என்று கண்டால் அதற்குப் பகிடி விடாமல் இருக்கத் தெரியாது.

"அப்ப மிஸ்," என்றேன், "இந்தச் சின்ன வளைவு உண்மையிலேயே உங்கடை பொடியோ, இல்லாட்டி இதுக்குள்ளயும் என்ரை கைவண்ணம் ஏதும் இருக்கோ?"

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"அதை நீங்கள்தான் அண்ணை சொல்லோணும்."